இரண்டு மொழிப் பள்ளிக்கூடத்தில் அம்மாக்களுக்கு என்ன வேலை?



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு, சில மாதங்களாகக் குழுக் கூட்டங்களில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டு வருகிறோம். "உங்க பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள்ள கடைசியா எப்ப போயி உக்காந்தீங்க?" பலர் யோசிக்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கும்போது போனது, உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போடப் போனது, டீச்சர் சொல்லி அனுப்பினால் போனது என்று பதில் வருகிறது. தெலுங்கு, கன்னடம் பேசும் ஊர்களில் இன்னொரு பதிலும் வருகிறது. "எனக்குத் தமிழ் சரியா வராதுங்க. நான் போயி என்னத்தைப் பேசறது?"

இந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறோம். பள்ளிக்கூடத்தின் மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்று இருக்கும் இடத்தில்தான் அம்மா அதிகமாகத் தேவைப்படுகிறாள் என்பது எங்கள் அனுபவம்.

நம் பகுதிப் பள்ளிகள்

1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். வரைபடத்தில் கோடு போடலாம், ஊருக்குள் போட முடியுமா? ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம். நகரங்களில் உருது. தாண்டாக்களில் லம்பாடி மொழி. அது வடநாட்டு மொழிகளோடு சேர்ந்தது, தமிழோடு ஒட்டே இல்லாதது. இப்போது ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் ஒன்றியப் பள்ளிகளில்தான் சேருகின்றன.

அதனால் ஐம்பது பிள்ளைகள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், வகுப்பில் கேட்பது ஒரு மொழி, இடைவேளையில் கேட்பது நாலு மொழி. சில பள்ளிகளில் ஒரே கட்டடத்தில் தமிழ் வழி ஒரு பக்கம், தெலுங்கு வழியோ கன்னட வழியோ இன்னொரு பக்கம் நடக்கிறது. காலை வழிபாடு ஒன்று, சாப்பாடு ஒன்று, பாடம் மட்டும் இரண்டு.

இது யாரோ இரக்கப்பட்டுச் செய்தது இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கான வசதியைச் செய்ய மாநில அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு இருக்கிறது. 1956-ல் சேர்த்தார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும், முடிந்த வரையில் தாய்மொழியில் சொல்லித் தர வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி, 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக எல்லாப் பிள்ளைகளும் தமிழைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று ஆனது. ஆகவே தெலுங்கு வழியில் சேர்ந்த பிள்ளை ஆறு வயதில் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறது. தமிழ் வழியில் சேர்ந்த தெலுங்கு வீட்டுப் பிள்ளையோ, வீட்டில் கேட்காத மொழியில் கணக்கும் அறிவியலும் படிக்கிறது. இரண்டு பிள்ளைக்கும் சுமை உண்டு.

வகுப்புக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்ன உதாரணம். டீச்சர் "புத்தகத்தை மூடு" என்கிறார். தமிழ் பேசும் பிள்ளை மூடி வைக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த தெலுங்குப் பிள்ளை முழிக்கிறது. ஏன்? தெலுங்கில் 'மூடு' என்றால் மூன்று. 'ரெண்டு' சொன்னால் புரிகிறது, அதனால் இதுவும் எண்ணிக்கைதான் என்று அது நினைக்கிறது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாலும் ஆச்சரியம் இல்லை. டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது என்றால் இந்தப் பிள்ளை "சொல்பேச்சு கேக்கறதில்லை" ஆகிவிடும்.

கன்னடப் பிள்ளைக்கு வேறு மாதிரி. நாம் பால் என்பதை அது ஹாலு என்கிறது. பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. தமிழில் 'ப' வரும் இடத்தில் கன்னடத்தில் பல சொற்களில் 'ஹ' வருகிறது. இந்த வித்தையை ஒரு தடவை யாராவது விளையாட்டாகக் காட்டிவிட்டால், பிள்ளை நாற்பது ஐம்பது சொல்லைத் தானே பிடித்துக்கொள்ளும். காட்டாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் புதுச் சொல்தான்.

எழுத்திலும் சிக்கல் உண்டு. தமிழில் ஒரே 'க'. கடல் என்னும்போது ஒரு ஓசை, தங்கம் என்னும்போது வேறு ஓசை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த வரிசைக்கு நாலு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை. அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்த்து, 'இதை எப்படிச் சொல்வது' என்று தயங்குவது நியாயம்தானே? அது மக்குத்தனம் இல்லை, கவனமாகக் கேட்கிற காது.

இதையெல்லாம் டீச்சருக்கு யார் சொல்வது? இந்தப் பக்கம் வரும் ஆசிரியர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள். நல்லவர்களாக இருந்தாலும் தெலுங்கு, கன்னடம் பழக வருஷங்கள் ஆகும். பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசுகிறது, எவ்வளவு வாயாடுகிறது, எதைக் கேட்டால் புரிகிறது என்று தெரிந்தவள் அம்மாதான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் பாட்டியோடு மல்லுக்கு நிற்கிறது என்றால், அதை டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும். உடைந்த தமிழில் சொன்னாலும் போதும். கூட ஒரு குழுச் சகோதரியை அழைத்துப் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது.

"வீட்டிலும் தமிழே பேசுங்க"

இப்படி ஒரு அறிவுரை ஊருக்கு ஊர் சுற்றுகிறது. சில ஆசிரியர்களும் நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. தமிழ் சரளமாக வராத அம்மா பிள்ளையிடம் தமிழே பேசப் போனால் என்ன ஆகும்? "வா, சாப்பிடு, படி, தூங்கு" என்று பத்து வார்த்தைக்குள் பேச்சு நின்றுவிடும். தன் மொழியில் என்றால் அதே அம்மா மாட்டுக்கு வந்த நோய், சந்தையில் தக்காளி விலை, தாத்தா கிணறு வெட்டிய கதை என்று ஓயாமல் பேசுவாள். பிள்ளைக்கு அறிவு வளர்வது அந்தப் பேச்சில்தான். பிள்ளைகள் இரண்டாவது மொழி கற்பதை ஆராய்ந்தவர்களும், முதல் மொழி பலமாக இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வரும் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு மொழியில் படிக்கப் பழகியவர் அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகிறார்.

அதற்காகத் தமிழ் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பாங்கு எல்லாம் தமிழில் நடக்கும் ஊரில் தமிழ் இல்லாமல் முடியாது. அது பள்ளியில் வரட்டும். வீட்டில் நாம் செய்ய வேண்டியது வேறு. பிள்ளை தமிழ்ப் பாடத்தை வாசித்து முடித்ததும், "அந்தக் கதையில என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று நம் மொழியில் கேட்க வேண்டும். புரிந்து படித்திருந்தால் தெலுங்கிலோ கன்னடத்திலோ கதையைச் சொல்லிவிடும். சும்மா ஒப்பித்திருந்தால் திணறும். எழுத்தே தெரியாத அம்மாவும் இந்தச் சோதனையைச் செய்யலாம். டியூசனுக்கு மாதம் 300 ரூபாய் கட்டும் பல வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை.

எந்த வழியில் சேர்ப்பது?

தமிழ் வழியா, தெலுங்கு வழியா என்று பல வீடுகளில் சேர்க்கை நாள் காலையில் அப்பாவோ மாமாவோ முடிவு செய்கிறார். சில இடத்தில் எந்தப் பக்கம் வரிசை சின்னதோ அந்தப் பக்கம். இரண்டில் எது நல்லது என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அது குடும்பத்தின் முடிவு. ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்தபின் அதே வழியில் ஆறாம் வகுப்பு எந்த ஊரில் இருக்கிறது, பெண் பிள்ளை தினமும் போய்வர பஸ் உண்டா? அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா? காலி என்றால் இப்போது யார் சொல்லித் தருகிறார்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். ஆசிரியர் பணியிடம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒரு மொழிப் பிரிவில் ஆசிரியர் ஓய்வு பெற்று, இடம் நிரம்பாமல் கிடந்தால், பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளையை மாற்றுவார்கள். எண்ணிக்கை குறையும். குறைந்துவிட்டதே என்று அந்தப் பணியிடமும் கைவிட்டுப் போகும். இது சத்தமில்லாமல் நடக்கிறது. முதல் மாதமே எழுதிக் கேட்டால் தடுக்கலாம், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் கஷ்டம். எழுதிக் கேட்கிற இடம் எது என்றால், பள்ளி மேலாண்மைக் குழு.

பள்ளி மேலாண்மைக் குழு: நம் பங்கு முக்கால்

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கவனிப்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-லும் பிறகு 2024-லும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், தலைமை ஆசிரியர் அல்ல.

காகிதத்தில் இவ்வளவு பலம். ஆனால் ஊரில் பார்த்தால்? பெற்றோர் இடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள், தமிழ் நன்றாகப் பேசுபவர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள கன்னடம் பேசும் குக்கிராமத்திலிருந்து பாதிப் பிள்ளைகள் வருகின்றன, அங்கிருந்து ஒரு அம்மா கூட இல்லை. இருந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். மொழி என்று சொல்கிறோம், சில ஊரில் அதற்குள்ளே சாதியும் ஒளிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

சட்டத்தில் பிற்படுத்தப்பட்ட நிலையில் உள்ள பிரிவு எது என்று விளக்கும் இடத்தில், மொழி காரணமாகப் பின்தங்கியவர்களையும் அரசு அறிவித்துச் சேர்க்க வழி இருக்கிறது. அதனால் "எங்க பாஷைக்காரங்களும் குழுவில வேணும்" என்று கேட்பது சண்டை இல்லை. குழுவைத் திரும்ப அமைக்கும்போது பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கித்தான் பெயர் சொல்வார்கள். அந்த ஒரு நாள் நாம் இருக்க வேண்டும். கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. ஒரே குழுவில் நாலு பேர் பெற்றோர் என்றால் முறை வைத்துப் போகலாம். கூட்டத்தை மாலையில் வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்த வரையில் கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, தீர்மானப் புத்தகம். நம் குழுவில் தீர்மானத்தை வாசிக்காமல் யாராவது கையெழுத்துப் போடுவோமா? "மொதல்ல படிச்சுக் காட்டு" என்று ஊக்குநரையே மடக்குவோம். கடன் தொகையில் ஒரு சைபர் கூடினாலும் கண்டுபிடிப்போம். அதே நாம் பள்ளிக்கூடத்தில் மட்டும் புத்தகத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுகிறோம். அங்கேயும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும், தமிழில் ஒரு தடவை, நம் மொழியில் ஒரு தடவை. இரண்டு மொழியும் தெரிந்த சகோதரி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். அவரே மொழிபெயர்க்கலாம், தனி ஆள் தேவையில்லை.

இப்படிச் செய்த ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் தினமும் தாமதம். பள்ளியில் 'அக்கறையில்லாத பெற்றோர்' என்ற பேச்சு. கூட்டத்தில் முதல் தடவையாகக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து பேசினார். ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்க விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டி வந்துவிடுகிறது. அம்மாக்கள் ஏறிப் போய்விடுகிறார்கள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்கள் பள்ளிக்கு வருகிறார்கள். தாமதமாக வருவதால் காலை உணவும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆசிரியருக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குழுச் சகோதரிகள் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகளை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போக ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது நேரத்துக்கு வருகிறார்கள். மூன்றாவது பெண்ணின் வீட்டில் பாட்டி படுத்த படுக்கை, அது இன்னும் தீரவில்லை.

சமைக்கும் கை

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் நம் குழுப் பெண்கள். அதாவது தினமும் காலையில் பள்ளிக்குள் போகும் அம்மாக்கள் நம்மிடமே இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது, எது மூன்று நாளாக வரவில்லை, எது யாரோடும் சேராமல் தனியாக உட்காருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சமையல் பெண்ணுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருந்தால் டீச்சருக்கும் குக்கிராமத்துக்கும் நடுவில் அவரே பாலம். இதை அவர் தலையில் ஏற்றும் இன்னொரு வேலையாக்க வேண்டாம். அவர் சொல்வதைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

வெளி மாநிலத்துப் பிள்ளைகள்

செங்கல் சூளையிலும் தோட்டத்திலும் தங்கியிருக்கும் ஒடியா, இந்தி பேசும் குடும்பங்களுக்குக் குழுவும் இல்லை, ஊரும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்க மறுக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கவும் வேண்டும். இது அந்த அம்மாக்களுக்குத் தெரியாது. நம் தெருவில் பள்ளி நேரத்தில் அப்படி ஒரு பிள்ளை சுற்றினால் கையைப் பிடித்துத் தலைமை ஆசிரியரிடம் கூட்டிப் போங்கள். "அவங்க பிள்ளைங்களுக்கு நாம ஏன்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். பிள்ளை எண்ணிக்கை கூடினால் ஆசிரியர் இடம் நிலைக்கும். அது நம் பிள்ளைக்கும்தான்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு

ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஒரு தாளில் நாலு விவரம் எழுதிக் கொண்டு வரவும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை, தெலுங்கு, கன்னடம், உருது, லம்பாடி, மற்ற மொழி பேசும் பிள்ளைகள் எத்தனை. பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தந்த மொழி பேசும் அம்மாக்கள் எத்தனை பேர். எந்தப் பிரிவிலாவது ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா, எவ்வளவு நாளாக. குழுக் கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு நடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து, காலி இடங்களைப் பற்றி வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கூட்டமைப்பின் பெயரிலேயே மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லி, பிள்ளையை விட்டு எழுத வைக்கவும். தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினாலும் சரிதான், வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.